தூக்குவாளியில் வந்த சூப்

நாற்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சீஸ் எப்போது இப்படி ஊர் முழுக்கப் பரவியது? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சீஸ் தோசை, சீஸ் பரோட்டா. போன மாதம் ஒரு தள்ளுவண்டியில் பணியாரத்துக்குள்ளே வைத்து விற்றார்கள். பக்கத்து வண்டியில் காய்கறி சூப், அதன் தலையில் ஒரு பிடி சீஸ் துருவல். டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பசி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மேல். இதே சூப்பை வைத்து ஒரு மழைக்காலத்தில் எங்கள் அத்தா ஊரோடு தங்கியிருக்க வேண்டியது. பெரியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் தங்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடாகிறது.

அப்பாவை எங்கள் பக்கம் அத்தா என்போம். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் அப்போது ஆண்கள் என்றால் ஒன்று தாடி நரைத்தவர்கள், இல்லாவிட்டால் டவுசர் போட்டவர்கள். நடுவயதுக்காரர்கள் எல்லாம் சுவரில் போட்டோவாக இருந்தார்கள். எங்கள் அத்தாவும் போட்டோதான். சவுதியில் கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்வார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னேன். உண்மையில் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் இருந்தார். அதிலும் சூப் மட்டும்தான் அவர் பொறுப்பு. விடிந்தால் சூப், அடைந்தால் சூப். இதில் மறைக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சமையல் வேலை என்றால் குறைச்சல், கம்பெனி வேலை என்றால் கௌரவம் என்று யாரோ நினைத்தார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் அத்தா லீவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நான்கு பக்கமும் பெயரும் ஊரும் எழுதிய பெட்டி. அந்தப் பெட்டியை உடைப்பது என்பது எங்கள் தெருவில் ஒரு பெருநாள் மாதிரி. சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சோப்பு, சென்ட், கைலி, டார்ச் லைட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்த வீட்டுக்கு எது என்று வீட்டுக்காரி பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சு அடுத்த லீவு வரைக்கும் தீராது.

அத்தா அன்று வீட்டில் உட்காரவில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர், தாம் இல்லாதபோது மவுத்தானவர்களின், அதாவது இறந்துபோனவர்களின், வீடுகளுக்கெல்லாம் முதலில் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும். அதுவும் எங்கள் ஊர் வழக்கம். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அம்மா பெட்டியை உடைத்தார். மேலே கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் துணி. அதற்குக் கீழே பெட்டி முழுக்க உருண்டையான நீல நிற டின்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு கட்டியின் படம். அம்மா ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி அது சீஸ், ரொட்டியில் வைத்துத் தின்பது என்றாள்.

அவ்வளவுதான். அம்மா ஒரு வீட்டுக்கு ஒரு டின் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டார். ஒயர் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகச் சுமந்தவள் நான். ஒவ்வொரு வீட்டிலும் கூடைக்குள் எட்டிப் பார்த்து, மற்ற வீட்டுக்கும் இதேதானா என்று கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டார்கள். அரியலூரில் இருந்த மாமி, அதாவது அத்தாவின் அக்கா, அன்று வந்திருந்தார். அவர் தம் பங்கு டின்னைக் கையோடு பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து அத்தா வந்தார். பெட்டியைப் பார்த்தார். அதன் அடியில் மடித்துப் போட்டிருந்த அரபி பேப்பர் மட்டும் இருந்தது.

"டின்னுங்க எங்க?" என்றார்.

"எல்லா வூட்டுக்கும் குடுத்தாச்சுங்க."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? இவ்ளோ டின்ன வச்சுக்கிட்டு நாம என்ன செய்யறது?"

அத்தா அந்தப் பேப்பரை எடுத்து உதறிவிட்டு மறுபடி பெட்டிக்குள் போட்டார். பிறகு "சரி" என்றார்.

இந்தச் "சரி"யைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைக் கெடுத்த சொல் அது. அந்த இடத்தில் அவர் "ஐயோ, அது எனக்கு வேணும் புள்ள" என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் நான் அதே கூடையைத் தூக்கிக்கொண்டு போய் பாதி டின்னையாவது வாங்கி வந்திருப்பேன். எனக்கு வெட்கம் கிடையாது. சொல்லவில்லையே.

அடுத்த வாரம் எனக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க என்று சொல்லி அத்தா என்னைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸுக்கு முன்னால் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். டவுனில் இறங்கியதும் அத்தா செருப்புக் கடைப் பக்கமே திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது ஹோட்டல். வாசலில் சைவம் என்று போர்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அத்தாவோடு ஒன்றாகப் படித்தவர், அரும்பாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடுதாசி வழியாக இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஜில்லா ஆபீசெல்லாம் இங்கே வந்துவிட்டது, வெளியூர் ஆபீசர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் கேட்கிறார்கள், தக்காளியைக் கரைத்துக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். அத்தா கடுதாசியில் சொன்ன அந்தக் காய்கறி சூப் நன்றாக வந்தால் அவரையே சூப் மாஸ்டராகப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். ஆனால் பங்குதாரரான சித்தப்பா ஒருத்தர் இருந்தார். அவர் குடித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சைவ ஹோட்டல் அடுப்படியில் ஒரு பாய் நிற்பதா என்று அவருக்கு ஒரு யோசனை.

"நீ செஞ்சு காட்டிரு. ஒரு வாய் குடிச்சாருன்னா அப்பறம் அவரு வாயத் தொறக்க மாட்டாரு" என்றார் முதலாளி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தா என்னிடம் கேட்டார், அவர் இனிமேல் சவுதிக்குப் போகாமல் தினமும் இந்த பஸ்ஸில் பெரம்பலூர் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்குப் பிடிக்குமா என்று. இது ஒரு கேள்வியா? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், சூப் நன்றாக வரட்டும் என்றார். செருப்பு வாங்காததே எனக்கு மறந்துபோயிற்று.

நான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்கிறீர்களா? வீட்டு நடையில் கால் வைத்ததும் சொல்லிவிட்டேன். அம்மா விரால் மீன் கழுவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, உட்கார்ந்திருந்தார். அத்தாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவரே அந்த மாமாதான். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி நாற்காலி. "அம்மா, அத்தா இனிமே சவுதிக்குப் போவ மாட்டாங்க. பெரம்பலூர் ஹோட்டல்ல சூப்பு வைக்கப் போறாங்க" என்று நான் கத்தினேன்.

அம்மாவின் கை மீன் சட்டியிலேயே நின்றது. தலையைத் தூக்கி அத்தாவைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார்.

அத்தா சிரித்தார். "சின்னப் புள்ள பேச்சு. வுடுங்க" என்றார்.

மாமாவும் சிரித்துவிட்டு, சவுதியில் இப்போது வெயில் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மா மறுபடி மீனைத் தேய்த்தார். மாமா எழுந்து போன பிறகாவது அத்தா உள்ளே வந்து, பிள்ளை சொன்னது நிஜம்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கதவோரம் நின்று காத்துக்கொண்டே இருந்தேன். அவர் வந்து மீன் ஆணத்தில் உப்புக் குறைச்சல் என்று சொன்னார்.

பிறகு அத்தா வீட்டிலேயே ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். ஆம்பிளை அடுப்படியில் நிற்பதை அம்மா அதுவரை கண்டதில்லை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி வேகவைத்தார். கரண்ட் இல்லாததால் மிக்சி ஓடவில்லை, கீரை மத்தால் மசித்தார். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டினார். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளையாக, கொழகொழவென்று வந்தது. சீஸ் மட்டும் இல்லை. எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். கறி இல்லாத சூப்பை நாங்கள் நோயாளி வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அத்தா தாமே ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்து, சீஸ் இல்லாமல் இது கஞ்சிதான் என்று தலையை ஆட்டினார்.

அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. அவர் மனத்தில் ஓடியது வேறு. இந்த மனுசனுக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை, நாக்கு அங்கேயே பழகிவிட்டது, வந்த இடத்தில்கூட அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் தேடுகிறார், மனசு அங்கேயே கிடக்கிறது. அம்மா அப்படி முடிவு கட்டிவிட்டார். இது அவரே பின்னாளில் சொன்னது. ஊரில் தங்குவதற்காக ஒருத்தர் சூப் வைக்கிறார். ஊரை விட்டுப் போகத் துடிக்கிறார் என்று இன்னொருத்தர் நினைக்கிறார். நடுவில் ஒரு அடுப்புதான் இருந்தது.

சீஸ் டின்னைத் தேடும் வேலை தொடங்கியது. கடையில் வாங்கலாமே என்பீர்கள். அந்தக் காலத்தில் பெரம்பலூரில் சீஸ் என்று கேட்டால் சீயக்காயை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அத்தா ஒவ்வொரு வீடாகச் சும்மா பார்க்கப் போகிற மாதிரி போவார். என்னையும் கூட்டிக்கொள்வார். என் வேலை கண்ணை ஓட்டுவது. ஒரு வீட்டில் டின்னை உடைத்து ஆளுக்கொரு துண்டு கடித்துவிட்டு மிச்சத்தைக் கோழிக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் வனஸ்பதி என்று நினைத்து வறுக்கப் போட்டு, சட்டியே வீணாகிவிட்டது என்று எங்களிடமே குறைப்பட்டார்கள். விஷயம் தெரிந்த ஒரு வீட்டில் ரொட்டியோடு என்றைக்கோ தின்று முடித்து, டின்னில் மல்லித்தழை முளைக்கப் போட்டிருந்தார்கள். அத்தா எல்லா வீட்டிலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

மிச்சம் இருந்தது அரியலூர் மாமி. மாமியின் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை வேலை. அந்த வீட்டில் துவைத்துக் காயப்போட்ட துணியைக்கூட இன்னொரு தடவை உதறித்தான் உள்ளே கொண்டுவருவார்கள். நாங்கள் போனபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஹாலில் கண்ணாடி ஷோகேஸ். அதற்குள்ளே பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் கஅபா படம் போட்ட கடிகாரத்துக்கும் நடுவில், திறக்காமல், துடைத்து வைத்த நீல டின். எனக்குக் கை பரபரத்தது. அத்தாவைப் பார்த்தேன். அவர் டின்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மச்சானின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார்.

டீ வந்தது. பகோடா வந்தது. இன்னொரு டீயும் வந்தது. அத்தா எழுந்து, "அப்ப நாங்க வரோம்க்கா" என்று செருப்பை மாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அந்த டின்ன அத்தாவுக்குக் குடுங்க. அதுக்குத்தான் வந்தோம்" என்றேன்.

மாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்றார். சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்து ஷோகேஸைத் திறந்து, டின்னை எடுத்துத் தம் முந்தானையால் ஒரு தடவை துடைத்து, அத்தா கையில் வைத்தார். எதற்கு என்று மட்டும் கேட்டார். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்த அக்காதானே. "ஒரு தேவை இருக்குக்கா" என்றார் அத்தா.

மாமி அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். ஒரு மனுசன் கொடுத்த டின்னைத் திருப்பி வாங்குகிறான் என்றால், போகிற இடத்தில் யாருக்கோ அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் சீக்கிரமே கிளம்பப் போகிறான். என்ன ஒரு கணக்கு பாருங்கள். மாமியின் மகனும் சவுதியில்தான் இருந்தான். மாமி அன்றைக்கே மகனுக்கு அனுப்ப முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் அரியலூரில் இருந்து வந்து இரண்டொரு நாளில் அந்தச் சூப் நாள் வந்தது. காலையில் இருந்தே மழை. டின்னைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கையில் ஒரு தூக்குவாளியோடு அத்தா கிளம்பினார். எனக்கும் செருப்பு இன்னும் பாக்கி இருந்ததால் என்னையும் கூட்டிப் போனார். ஹோட்டல் அடுப்படியில் புதுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. அத்தா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு நின்று வேலையைத் தொடங்கினார். வீட்டில் மாமா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற அதே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விறகை இழு என்கிறார், பாலை நகர்த்து என்கிறார், அந்தக் கரண்டி வேண்டாம் இந்தக் கரண்டி கொடு என்கிறார். அங்கே மட்டும் வாய் நன்றாக வேலை செய்தது.

வெண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கினார். காய்களைப் போட்டு வேகவைத்து மசித்துச் சல்லடையில் தேய்த்து வடித்தார். வறுத்த மைதாவில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி விழாமல் கிண்டினார். இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்கினார். அப்புறம்தான் டின். அதைத் திறக்கிற கருவி அங்கே இல்லாமல், கத்தியும் சுத்தியலும் வைத்துத் திறந்தார்கள். பால் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்த மாதிரி ஒரு வாசனை வந்தது. முதலாளியின் சித்தப்பா துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, இது என்ன சைவந்தானா என்று கேட்டார். பால்தாங்க, எங்கள் ஆஸ்பத்திரியில் சைவக்காரர்களுக்கென்றே இதைப் போட்டுத்தான் வைப்போம் என்றார் அத்தா. அடுப்பில் இருக்கும்போது போட்டால் நூல்நூலாகத் திரண்டுவிடும், இறக்கிய சூட்டிலேயே கரைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே துருவிப் போட்டுக் கிளறினார். வெள்ளை நிறம் மெல்ல மஞ்சளானது. மேலே மிளகைத் தட்டிப் போட்டார்.

சித்தப்பா டம்ளரை வாங்கி, தூக்கிக் குடிக்கப் பார்த்தார். சூப் கெட்டியாக இருந்ததால் இறங்கவில்லை. அப்புறம் ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்தார். மழையைப் பார்த்தார். இன்னொரு வாய் வைத்தார். டம்ளர் காலியானதும் அதை அத்தா பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி" என்றார்.

முதலாளி என் தலையில் கை வைத்துச் சிரித்தார். தை பிறந்ததும் வேலைக்கு வந்துவிடச் சொன்னார். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. அந்தச் சுவையை எப்படிச் சொல்வது? தொண்டையில் சூடாக, மெதுவாக, உப்பும் பாலும் மிளகுமாக இறங்கியது. வீட்டில் குடித்த கஞ்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சட்டியில் இருந்ததில் நல்ல பங்கை அத்தா தூக்குவாளியில் ஊற்றி மூடினார். அம்மாவுக்கு. இதைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லப் போவதாக என்னிடம் சொன்னார். பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்து, ஆறிவிடாமல் இருக்கத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்யலாம், எனக்குச் சைக்கிள் ஓட்ட எங்கே கற்றுக்கொடுக்கலாம் என்றெல்லாம். அவ்வளவு பேசி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வீட்டு நடையில் செருப்புகள் நிறையக் கிடந்தன. ஹாலில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் பார்சல்கள். முறுக்கு டின், ஊறுகாய், தேங்காய் எண்ணெய், இருமல் மருந்து, இடியாப்ப மாவு. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, மேலே சவுதியில் இருக்கும் பையன்களின் பெயரை எழுதியிருந்தார்கள். யார் கிளம்பினாலும் தெருவே இப்படிக் கொடுத்து அனுப்பும், கொண்டுபோக மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. நடுவில் அரியலூர் மாமி. நாற்காலியில் மாமா. அம்மா தரையில் உட்கார்ந்து கோணி ஊசியால் கடைசிப் பார்சலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

அத்தா சீக்கிரமே கிளம்பப் போகிறார் என்று மாமி வந்து சொன்னதும் அம்மா தம் அண்ணனை அழைத்திருக்கிறார். மாமா திருச்சிக்கு ஆள் விட்டு, தேதி போடாமல் கிடந்த அத்தாவின் டிக்கெட்டுக்குத் தேதி குறித்துவிட்டார். அத்தா அலையக் கூடாதாம். அதற்காக அம்மா செய்த உதவி.

"எல்லாம் ஆச்சுங்க. நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்" என்றார் அம்மா. தலையைத் தூக்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தா தூக்குவாளியோடு நின்றார். வேட்டி ஓரத்தில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. பார்சல்களைப் பார்த்தார், அவற்றின் மேல் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

நான் விடவில்லை. அத்தா போக மாட்டார், ஹோட்டலில் சூப் பிடித்துப்போயிற்று, தையில் வேலை என்று பார்சல்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். மாமி என் வாயைப் பொத்தினார். பயணம் போகிற நேரத்தில் பிள்ளை போகாதே என்று அழுவது வழக்கம்தானே என்று மாமா சொன்னார். யாரோ எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார்கள். தூக்குவாளியை அத்தா அடுப்படித் திண்டில் வைத்துவிட்டுத் தொழப் போனார். மறுநாள் காலையில் அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. யார் குடித்தார்கள் என்று தெரியவில்லை. கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தா போனார். தை பிறந்தது. அந்த ஹோட்டல்காரர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு யாரையோ போட்டார்கள். அக்கா கல்யாணத்துக்கு அத்தா பதினைந்து நாள் லீவில் வந்தார், என் கல்யாணத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை, போனிலேயே துவா செய்து வாழ்த்தினார். சைக்கிள் ஓட்ட எனக்குத் தெருப் பையன்கள் கற்றுக்கொடுத்தார்கள். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரை ஒரேயடியாக அனுப்பி வைத்தார்கள். செருப்பு மாட்டவே இன்னொரு ஆள் பிடிக்க வேண்டிய நிலையில் வந்து சேர்ந்தார்.

போன மாத மழையில் நான் லப்பைக்குடிக்காட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பணியார எரிச்சலில், பெரம்பலூரிலேயே ஒரு சீஸ் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். இப்போது பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. அத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல நான் சூப் வைத்தேன். இறக்கிவிட்டுத்தான் சீஸ் போட வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. மூன்று கிண்ணத்தில் ஊற்றினேன். அம்மா ஒரு வாய் வைத்ததும் சொன்னார்.

"அன்னிக்குத் தூக்குல கொண்டாந்தது இதவிட நல்லா இருந்துச்சு."

எனக்கு ஸ்பூன் கையிலேயே நின்றுவிட்டது. அத்தாவும் திரும்பிப் பார்த்தார்.

"நீ குடிச்சியா?"

"எல்லாம் தொழப் போனப்பறம் அடுப்படியில நின்னுக்கிட்டு நான்தான் குடிச்சேன். ஒரு சொட்டு வைக்கல."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே புள்ள நீ."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நல்லா இருக்குன்னு சொன்னா, இங்கயே இருங்கன்னு கேக்கற மாதிரி ஆயிடும். போவணும்னு நிக்கிற மனுசன எப்புடிக் கேக்கறது?"

"நான் எங்க போவணும்னு நின்னேன்? நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா இருந்திருப்பேனே."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. எத்தனை வருசம்! "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. மீன் கழுவயில ஒரு தடவ, பார்சல் தைக்கயில ஒரு தடவ. ரெண்டு தடவ கத்திச் சொன்னேனே" என்றேன். குரல் உயர்ந்துதான் போயிற்று.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அம்மா.

"சின்னப் புள்ள, வுடு" என்று சொல்லிவிட்டு, அத்தா தம் கிண்ணத்தில் இருந்த சூப்பை அம்மாவின் கிண்ணத்தில் ஊற்றினார்.